அயித்தைக்குத் தெரிந்த மால்டா

யாரைப் பார்த்தாலும் அயித்தை முதலில் கேட்பது ஒன்றுதான். "எதுல வந்தே?" சாப்பிட்டாயா, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர்ப் பாதை பிரிகிற விலக்கில் இறங்குவேன். அதே நேரத்துக்குத்தான் அவர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு மேற்கே இருக்கும் வீடுகளுக்கு ஊற்றக் கிளம்பியிருப்பார். நான் படியில் காலை வைத்து இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். இருந்தாலும் கேட்பார்.

"ஏத்தா, எதுல வந்தே?"

"இப்பத்தான அயித்தை பஸ்ஸ விட்டு எறங்குறேன்!"

"அது தெரியுது. ஒன் வாயால சொல்லிக் கேட்டா ஒரு இது."

அந்த 'ஒரு இது' என்னவென்று அவர் விளக்கியதில்லை. எனக்கு அவர் ரத்த உறவும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர், எங்கள் அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவர், அதனால் எனக்கும் தம்பி விக்னேஷுக்கும் அயித்தை. கருத்து மெலிந்த உடம்பு. கேன் தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிடச் சற்றே இறங்கியிருக்கும். திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில் அப்போது வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அயித்தை மட்டும் இரண்டு சக்கர வண்டி எதிலும் ஏறமாட்டார். கேனோடு நடந்து போகிறவரைப் பார்த்து யாராவது வண்டியை நிறுத்தி, "ஏறிக்கங்க, விட்டுட்டுப் போறேன்" என்றால் கையை ஆட்டி மறுத்துவிடுவார்.

"நம்ம காலை ஊனுனாத்தான் அது நிக்கும். அது என்னையத் தாங்குமாக்கும்? நீ போப்பா, பாத்துப் போ."

எதற்கு இவ்வளவு பயம் என்று நான் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் எதையோ பார்த்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் சொன்னதில்லை. "எல்லாருக்கும் ஒண்ணு புடிக்காது. ஒனக்குப் பாகக்கா புடிக்காதுல்ல, அது மாதிரி" என்று முடித்துவிடுவார்.

பிரசவ வலி எடுத்த அன்றும் அப்படித்தான் என்று என் அம்மா சொல்வாள். பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அயித்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு விலக்குக்கு நடந்துபோய்ப் பஸ்ஸுக்குக் கை காட்டினாராம். டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஆலங்குடி ஆஸ்பத்திரி வாசலுக்கே வண்டியைக் கொண்டுபோய்விட்டார். தங்கள் ஊரில் இறங்க முடியாமல் போனவர்கள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போய், அங்கே இறங்கியதும் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்களாம். அப்படிப் பிறந்தவன்தான் தினேஷ். அயித்தைக்கும் மாமாவுக்கும் ஒரே பிள்ளை. "எம்புள்ள பஸ்ஸுல வந்தவன்" என்று அயித்தை சிரித்துக்கொண்டே சொல்வார்.

தினேஷ் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் திருப்பூரில் இருந்தான். பிறகு ஏஜென்ட் ஒருவர் மூலம் மால்டாவுக்கு விசா வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது பையன்கள் நிறையப் பேர் மால்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரும் துபாயும் தெரிந்த ஊருக்கு மால்டா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அயித்தை என்னிடம் வந்து, "எங்கிட்டு இருக்குன்னு காட்டுத்தா" என்றார். போனில் மேப்பைத் திறந்து, நீலக் கடலுக்கு நடுவே அந்தத் தீவைக் காட்டினேன். போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தண்ணியில பொட்டு வச்சாப்புல இருக்கு. இதுக்குள்ள ரோடெல்லாம் இருக்குமா?"

"இருக்கும் அயித்தை. நம்ம ஜில்லாவுல ஒரு மூலை அளவுதான் இருக்கும். ஆனா எல்லா ஊருக்கும் பஸ் போகுது."

"அப்ப எங்கிட்டுப் போனாலும் பொழுது சாயிறதுக்குள்ள ரூமுக்கு வந்துரலாம்" என்றார். முகம் தெளிந்தது. அனுப்புவதற்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை, அங்கே போய் டூவீலர் ஓட்டக் கூடாது. தினேஷ் உடனே ஒப்புக்கொண்டான். ஹோட்டலில் சமையல்கட்டு வேலை, வாசலிலேயே பஸ் நிற்கும் என்றான்.

நமக்குச் சாயங்காலம் என்றால் அங்கே மத்தியானம். அயித்தை பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அவன் போன் வரும். ஒரு கையில் கேன், ஒரு கையில் அளவைக் குவளை. அதனால் போனை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார், ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். தெரு முழுக்க அவன் குரல் காற்று இரைச்சலோடு கேட்கும்.

"எங்கடா இருக்கே?"

"பஸ்ஸுலம்மா."

"ஒக்கார எடம் கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சு. சன்னலோரம்."

"என்ன தெரியுது?"

"ஒரு பக்கம் கடலு. இன்னொரு பக்கம் கல்லுல கட்டுன வீடு. எல்லாம் மஞ்சக் கலரும்மா, சந்தனம் பூசுனாப்புல."

"பஸ்ஸு எந்தூருக்குப் போகுது?"

"வலேட்டாவுக்கு. பாதிப் பஸ்ஸு அங்கதாம்மா போகும். அங்க எறங்கித்தான் மாறணும். பஸ் ஸ்டாண்டுக்கு நடுவுல மூணு பேரு பெரிய தட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி செலை இருக்கு. அதுல தண்ணி கொட்டும்."

"நம்ம புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு மாதிரியா?"

"அதவிடச் சுத்தம்."

"சரி, எறங்குறப்ப பாத்து எறங்கு."

மறுநாள் விலக்கில் என்னைப் பார்த்ததும் அயித்தை அதையெல்லாம் மறுபடி சொல்வார். அங்கேயும் கை காட்டினால்தான் பஸ் நிற்குமாம். வெயில் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் அப்பி, டிரைவர் கையைப் பார்த்தும் நிறுத்தாமல் போய்விடுவாராம். மொட்டைமாடி மாதிரித் திறந்த பஸ் ஒன்று உண்டாம், அது சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு. குதிரை வண்டியும் அவர்களுக்குத்தான். ஒரு கரையிலிருந்து எதிர்க் கரைக்குச் சின்னப் படகு ஓடுமாம். பக்கத்தில் கோசோ என்று இன்னொரு தீவு. அதற்கு லாரி, கார் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு கப்பல் போகும்.

"அந்தக் கப்பல்ல போறப்ப டிக்கெட்டு கேக்க மாட்டாகளாம்த்தா. திரும்பி வாரப்பத்தான் வாங்குவாகளாம்." அயித்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "எம்புட்டு நல்ல ஊரு பாரு."

ஊர்ப் பெயர்களை அவர் தன் நாக்குக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார். வலேட்டா 'வல்லட்டை' ஆனது. எனக்கே ஒரு கட்டத்தில் அந்த ஊர் வல்லட்டை என்றுதான் வாயில் வந்தது.

செய்தி வந்ததும் அந்தப் போனில்தான். அன்றைக்கு அயித்தை எங்கள் வீட்டு வாசலில் அம்மாவின் சொம்பில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். கழுத்துப் பையில் மணி அடித்தது. அழுத்திவிட்டு, "எங்கடா இருக்கே?" என்றார்.

வேறு குரல். தினேஷோடு ரூமில் இருக்கும் அறந்தாங்கிப் பையன்.

"அம்மா, பக்கத்துல ஆம்பளையாளு யாராச்சும் இருக்காங்களா?"

அப்பா எழுந்து வந்து போனை வாங்கினார். ஸ்பீக்கரை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்தார். அதற்குள் அந்தப் பையன் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நேற்று ராத்திரி மழை. அந்த ஊரில் மழை பெய்தால் ரோடு எண்ணெய் ஊற்றியதுபோல வழுக்கும். தினேஷ் ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டர் சறுக்கி, பின்னால் வந்த வேன் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

எல்லோரும் கேட்டோம். அயித்தை சொம்பைக் கீழே வைத்தார். கேன் மூடியை எடுத்துச் சரியாகப் பொருத்தி அழுத்தி மூடினார்.

"ஸ்கூட்டரா?" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

உடம்பு திருச்சி வழியாக வந்து சேரப் பல நாள் ஆனது. துக்கத்துக்கு வந்தவர்கள் தாழ்ந்த குரலில் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தான், ஹோட்டல் வேலை என்றுதானே சொன்னான், பெற்றவளிடமே இப்படிப் பொய் சொல்வானா என்று. அவன் அங்கே இறங்கின முதல் வாரத்திலிருந்தே ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைதான் பார்த்திருக்கிறான். பஸ்ஸில் ஏறியதே அபூர்வம். அயித்தை இது எதற்கும் பதில் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் விலக்கில் திரும்பியபோது அதன் பக்கவாட்டில் ஒரு கையை வைத்தபடி வீடுவரை நடந்தே வந்தார். டிரைவரும் அந்த நடைக்கே வண்டியை உருட்டினார். அவர்கள் கொல்லையின் ஓரத்திலேயே அவனைப் புதைத்தார்கள்.

சில வாரம் கழித்து மறுபடியும் பால் ஊற்ற வந்தார். கழுத்தில் அந்தத் துணிப்பை இருந்தது. மணி அடிப்பதில்லை.

ஒருநாள் சாயங்காலம் பால் வராததால் நானே சொம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பஸ் ஒன்றின் சன்னலோரம் உட்கார்ந்து யாரோ எடுத்த வீடியோ. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. மஞ்சள் கல் வீடுகள், கடல், வளைவுகள், நிறுத்தங்கள். மால்டா பஸ் என்று தேடினால் அதுபோல நிறைய வருகிறது.

"இந்தப் படம் எப்பப் புடிச்சதுன்னு பாத்துச் சொல்லுத்தா" என்று நீட்டினார்.

பார்த்துச் சொன்னேன். தினேஷ் இறந்த பிறகு எடுத்தது. உடனே அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றைக் காட்டினார். அது அவன் உயிரோடு இருந்தபோது எடுத்தது. "இது ஆகும்" என்று சொல்லிவிட்டு அதைப் பார்க்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் எனக்குப் புரிந்தது. முதுகில் பெரிய சதுரப் பை கட்டிய ஸ்கூட்டர்க்காரன் யாராவது பஸ்ஸைத் தாண்டிப் போனால் அயித்தை படத்தை நிறுத்துவார். விரலால் பெரிதாக்குவார். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது. தோளைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார். இல்லையென்று ஆனதும் மறுபடி ஓடவிடுவார்.

நான் சொம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வீடியோக்களிலேயே அந்தத் தீவின் ரோடெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. அதோடு நின்றிருந்தால் ஊரில் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் மால்டாவுக்குக் கிளம்பும் பையன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டால் போதும், அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். ஏர்போர்ட்டிலிருந்து எப்படிப் போவது, எங்கே மாறுவது, பஸ்ஸில் இடமில்லை என்றால் அடுத்ததற்கு நிற்க வேண்டும், எது கெட்டாலும் ஸ்கூட்டர் மட்டும் எடுக்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பி, பெட்டியில் திரும்பப் பெற்ற ஒருத்தி, நல்ல நேரம் பார்த்துப் பயணம் கிளப்புகிற வீட்டு வாசலில் வந்து நின்றால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்?

மேலத்தெருவில் ஒரு வீட்டில் நடந்ததை நானே பார்த்தேன். பையன் அன்றைக்குக் கிளம்புகிறான். அயித்தை கேனோடு வருவதைப் பார்த்ததும் அவன் அம்மா கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

"இன்னிக்குப் பால் வேணாம்."

அயித்தை கேனைத் தரையில் வைத்துவிட்டு, கேட்டுக்கு மேலாக உள்ளே பார்த்துப் பேசினார். "தம்பி, வெளிய வந்ததும் பஸ்ஸு நிக்கிற எடம் எங்கன்னு கேட்டுக்க. வல்லட்டைக்குப் போற பஸ்ஸு…"

"ஒம்புள்ளைக்குச் சொன்னது பத்தாதா?" என்று அந்த அம்மா கத்தினாள். "இங்கயும் வந்து சொல்லணுமா?"

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். அயித்தை கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே எப்போதும்போலப் பால் அளந்து ஊற்றினார். ஆனால் அந்த வீடு அடுத்த வாரமே பாலை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு வீடாக நிறுத்தினார்கள். பாக்கெட் பால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் என் தம்பி விக்கிக்கு விசா வந்தது. மால்டாதான். பெரிய கிட்டங்கி ஒன்றில் சாமான் அடுக்குகிற வேலை. அம்மாவுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தன. கிளம்புகிற நாள் நெருங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு. அன்னிக்கு மட்டும் நம்ம வாசலுக்கு வரவேணாம்னு. நான் சொன்னா வருத்தப்படுவா."

"நான் சொன்னா மட்டும் படமாட்டாங்களா?"

"எனக்கும் மனசு கேக்கலடி. ஆனா பெத்த வயிறு, என்ன செய்யச் சொல்ற?"

போனேன். அயித்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன்னே, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"அன்னிக்கு நான் வரமாட்டேன்த்தா. ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லிரு. பாலை ஒங்க மாமாகிட்டக் குடுத்துவிடுறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "விக்கிப்பயல நல்லாப் பாத்துப் போகச் சொல்லு" என்றார்.

விக்கி யாரிடமும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவனாகவே அவர் வீட்டுக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தான். என்னடா சொன்னார் என்று கேட்டேன். "பஸ்ஸுதான். வேறென்ன?" என்றான். கண் சிவந்திருந்தது.

அங்கே போன பிறகு அவன் கொஞ்ச காலம் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனான். வெயில் காலம் வந்தது. தினேஷ் சொன்னது அந்த விஷயத்தில் மட்டும் உண்மைதான். கூட்டம் நிரம்பிய பஸ்கள் நிற்காமல் போயின. வேலைக்குத் தாமதம், சூப்பர்வைசரிடம் திட்டு. போன் போட்டு வரவழைக்கும் டாக்சிக்குக் கொடுத்தால் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது. வாடகைக் கார் பணக்காரர்களுக்கு. நடக்கலாம் என்றால் பாதி ரோட்டில் ஓரமே கிடையாது, மதில் சுவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கூட இருக்கிறவர்களெல்லாம் ஆளுக்கொரு ஸ்கூட்டர் எடுத்துவிட்டார்கள், நானும் எடுக்கலாம் என்றிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னான்.

நான் விலக்கில் அயித்தையிடம் சொன்னேன். கேனை அப்படியே ரோட்டோரம் வைத்துவிட்டு, "போனப் போடு" என்றார்.

"தம்பி, நான் அயித்தை பேசுறேன்."

"சொல்லுங்க அயித்தை."

"ரூம மாத்திக்கப்பா. வேலைக்குப் பக்கத்துல, நடந்து போற தூரத்துல பாரு."

"பாத்தேன் அயித்தை. அங்கிட்டு வாடகை கூட. ஒரு ரூமுல நேப்பாளத்துப் பசங்க இருக்காங்க, ஒரு கட்டில்தான் இருக்கு, சன்னலே கெடையாது."

"சன்னலு இல்லாட்டி என்னப்பா?" என்றார் அயித்தை. போனை என் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் விக்கி, "அயித்தை, அயித்தை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மறு வாரம் அவன் அந்த ரூமுக்கு மாறினான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறான், நடந்துதான் வேலைக்குப் போகிறான். இதை அறிந்த நாளில் அம்மா சாயங்காலம் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அயித்தை வந்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். இரண்டு பேரும் காபி குடித்தார்கள்.

பள்ளி நேரத்தை மாற்றியதால் நானும் ஒரு ஸ்கூட்டர் வாங்க வேண்டியதாயிற்று. முதல் நாள் விலக்கில் அயித்தை அதைச் சுற்றிவந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "மெல்லப் போ" என்றார். அதன் பிறகு நான் வந்து சேரும்வரை விலக்கிலேயே நிற்க ஆரம்பித்தார். பால் ஊற்ற வீடுகள் குறைந்துபோயிருந்ததால் நிற்பதற்கு நேரம் இருந்தது.

சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. அயித்தை எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மாமா மாட்டுக் கொட்டகையில் விழுந்துவிட்டார் என்றார். போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, கண் சொருகியிருக்கிறது. ஆம்புலன்சுக்குச் சொன்னோம், புறப்பட்டுவிட்டது என்றார்கள். காரும் ஆட்டோவும் வைத்திருந்தவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அயித்தை மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஒன் வண்டிய எடு."

"அயித்தை, ஆம்புலன்ஸ் வந்துரும்…"

"எடு தாயி. நேரமாகுது."

அப்பாவும் இன்னொருவரும் மாமாவைத் தூக்கி என் பின்னால் உட்காரவைத்தார்கள். தலை என் முதுகில் சாய்ந்தது. அயித்தை சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் காலைப் போட்டு அவருக்குப் பின்னால் ஏறினார். மாமாவைச் சுற்றி வந்த அவர் கைகள் என் வயிற்றை இறுக்கின. வண்டியைக் கிளப்பினேன்.

ஆலங்குடி ரோட்டில் இரண்டு பக்கமும் தைலமரக் காடு. வெயிலில் தார் உருகிக் கிடந்தது. மெதுவாகப் போவதா வேகமாகப் போவதா என்று எனக்குத் தெரியவில்லை. அயித்தை, "போ, போ" என்றார். வேகம் கூட்டினேன். சிறிது தூரம் போனதும் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"என்ன அயித்தை?"

"இந்தச் சத்தந்தான்த்தா" என்றார், என் காதருகே. "இந்தக் காத்துச் சத்தந்தான். அவன் போன்ல கேக்கும்."

ஸ்பீக்கரில் அந்த இரைச்சலை நாங்களும்தான் கேட்டிருக்கிறோம். கடலோர ஊர் என்று நினைத்துக்கொண்டோம்.

"பஸ்ஸுக்குள்ள ஏதுத்தா இம்புட்டுக் காத்து? மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் அயித்தை கேக்கல?"

"கேட்டா எங்கிட்டப் பேசமாட்டான். பஸ்ஸு எந்தூருக்குப் போகுது, சன்னல்ல என்ன தெரியுதுன்னு கேப்பேன். பொய் சொல்றதுக்கு ரோசன பண்ணணும்ல, அதுக்கு வண்டிய ஓரமா நிப்பாட்டிருவான். கொஞ்ச நேரத்துல காத்துச் சத்தம் நின்னுரும். அப்பறம் நானும் விடமாட்டேன், அது என்ன கலரு, இது என்ன செலைன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அம்புட்டு நேரம் நின்னுக்கிட்டுத்தான இருப்பான்."

ரோடு கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. துடைக்கவும் முடியவில்லை.

"ராத்திரியில ஓட்டுவான்னு நான் நெனைக்கலயே தாயி" என்றார். "நான் தூங்கிக்கிட்டுல இருந்தேன்."

அதன் பிறகு அவர் வாய்விட்டு அழுதார். பிள்ளையைக் கொல்லையில் இறக்கிய அன்று வராத அழுகை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து மாமாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அவருக்கு வண்டியிலிருந்து இறங்கத் தெரியவில்லை. நான்தான் இடுப்பைப் பிடித்து இறக்கினேன்.

மாமா பிழைத்துக்கொண்டார். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை, பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மாட்டையும் பார்த்துக்கொண்ட அயித்தை அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் படுத்தார். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எழுந்திருக்கவில்லை.

போன பொங்கல் விடுமுறையில் மாமாவைப் பார்க்கப் போனேன். மாடுகளை விற்றுவிட்டார்கள். அவர் தங்கை வந்து பார்த்துக்கொள்கிறாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், கல்யாணமான புதிதில் தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையைச் சொன்னார். அயித்தையை அதில் உட்காரவைத்துத் திருமயம் கோட்டையைச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று ஆசையாம். அந்த ஊரிலேயே இருந்த மாமியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அயித்தை ஏறவில்லை. கோட்டை வரைக்கும் அவர் நடக்க, மாமா பக்கத்திலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாராம். அதோடு அதை விற்றுவிட்டார்.

சிரிக்க முயன்றார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. பிறகு கேட்டார்.

"என்னைய ஒன் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனியாம். அவளும்… ஏறுனாளா?"

"ஏறுனாங்க மாமா. ஒங்களுக்குப் பின்னாடிதான் ஒக்காந்திருந்தாங்க."

"என்னையப் புடிச்சிருந்தாளா?"

"ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிருந்தாங்க. ஆலங்குடி போற வரைக்கும் விடல."

அவர் தன் இடது கையை வலது கையால் எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே… ஞாபகம் இல்லத்தா" என்றார்.